ஹெவி லைசென்ஸுக்குக் கடன் கேட்டால்...
லாரி ஓட்டப் பழகும் செலவும், முதல் முதலாளியைத் தேர்ந்தெடுப்பதும்



முன்பெல்லாம் குழுக் கூட்டத்தில் கறவை மாடு, பெட்டிக்கடை, தையல் மிஷின், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்றுதான் கடன் கேட்பார்கள். இப்போது "பையனை ஹெவி லைசென்ஸ் எடுக்க அனுப்பணும், கடன் வேணும்" என்ற பேச்சும் அடிக்கடி வருகிறது. நல்ல விஷயம்தான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது கஷ்டமில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் குடும்பங்கள் சறுக்குவதை நாங்கள் பார்க்கிறோம். ஒன்று, லைசென்ஸுக்குப் பணம் கட்டும் இடம். இரண்டாவது, லைசென்ஸ் கையில் வந்ததும் முதன்முதலாக ஏறுகிற லாரி. இந்த இரண்டிலும் தப்பு நடந்தால் பையனின் தொழில் மட்டும் கெடுவதில்லை. குழுக் கடன் தவணை நிற்கும். அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். அதனால் இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் வயசையும் லைசென்ஸையும் பாருங்கள்

லாரி என்பது சட்டப்படி போக்குவரத்து வாகனம். 20 வயது முடியாதவர் அதைப் பொது ரோட்டில் ஓட்டக் கூடாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 18 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். அந்த இலகுரக லைசென்ஸை எடுத்துக் குறைந்தது ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) கிடைக்கும்.

ஆக, வரிசை இதுதான்:

1. 18 வயதில் கார் லைசென்ஸ்.
2. ஒரு வருஷம் காத்திருப்பு. வயது 20 ஆகியிருக்க வேண்டும்.
3. டாக்டர் சான்றிதழ் (படிவம் 1ஏ) வாங்கி எல்.எல்.ஆர். எடுப்பது. இது 6 மாதம் செல்லும்.
4. உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி. முடித்ததும் பள்ளி தரும் சான்றிதழ் (படிவம் 5). இது இல்லாமல் ஹெவி லைசென்ஸ் கிடைக்காது.
5. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் முடிந்த பிறகு, அது காலாவதி ஆவதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டுவது.

"எட்டாவது பாஸ் இல்லையே, லைசென்ஸ் தருவாங்களா?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த நிபந்தனையை மத்திய அரசு 2019-இல் எடுத்துவிட்டது. படிப்பு குறைவு என்று தயங்க வேண்டாம். ஆனால் கண் பார்வை முக்கியம். பணம் கட்டும் முன்பே கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பாதிப் பணம் கட்டிய பிறகு "பார்வை பத்தாது" என்று தெரிந்தால் யாருக்கு நஷ்டம்?

18, 19 வயதில் "கிளீனராக ஏறட்டும், ஓட்டிப் பழகிக்குவான்" என்று அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கிளீனர் வேலை பார்ப்பது வேறு. டிரைவர் தூங்கும்போது லைசென்ஸ் இல்லாத பையன் ஸ்டியரிங்கைப் பிடிப்பது வேறு. அப்போது ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகும், வழக்கு பையன் தலையில் விழும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. உயிர்ச்சேதம் ஆனால் அபராதத்தோடு போகுமா?

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். 7,500 கிலோ எடைக்குள் உள்ள சின்ன சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. 20 வயது முடிந்த பையன் குட்டி யானையில் காய்கறியோ சிலிண்டரோ ஏற்றி ஓட்டினால் வருமானமும் வரும், கையும் பழகும். பிறகு ஹெவிக்குப் போகும்போது பயம் இருக்காது.

பயிற்சிப் பள்ளியில் என்ன பார்க்க வேண்டும்?

பையனை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். "எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

* பள்ளிக்கு அரசு உரிமம் இருக்கிறதா? அதைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.
* பழக்குவதற்கு உண்மையிலேயே லாரி இருக்கிறதா? சில இடத்தில் காரில் நாலு நாள் ஓட்டவிட்டு, டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வாடகை லாரி கொண்டுவருவார்கள்.
* பழக்குகிறவர் பக்கத்திலும் பிரேக், கிளட்ச் இருக்கிறதா?
* ஒருவருக்கு எத்தனை மணி நேரம் ஓட்டத் தருவார்கள்? போக்குவரத்து வாகனத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் கையில் ஓட்டுவது என்று விதி இருக்கிறது. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று பள்ளி ஒரு பதிவேடு (படிவம் 15) வைத்திருக்க வேண்டும். "அந்த நோட்டைக் காட்டுங்க சார்" என்று கேட்கலாம்.
* அங்கே ஏற்கெனவே பழகிய ஒரு பையனிடம் பேசுங்கள். "ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தாங்களா? லோடு வண்டி ஓட்டக் கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள்.

"நீங்க வரவே வேண்டாம்மா, காசைக் கொடுங்க, லைசென்ஸ் வீட்டுக்கு வரும்" என்று சொல்லும் புரோக்கரிடம் போகாதீர்கள். அந்தப் பையன் கையில் 20, 30 டன் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். லைசென்ஸ் உண்மையா என்பதை இப்போது முதலாளிகள் அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டே பார்த்துவிடுகிறார்கள். போலி லைசென்ஸ் ஒரு நாள் மாட்டும்.

ஓரளவு பெரிய பயிற்சி இடங்களும் நம் மாநிலத்தில் உண்டு. அசோக் லேலண்டு கம்பெனியின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நாமக்கல்லில் இருக்கிறது. அரசு சார்பில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி நடத்துகிறது. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களும் உண்டு. அங்கே கனரகப் பயிற்சி ஆறு வாரம், 38 மணி நேரம். தூரமாக இருந்தாலும் விசாரித்துப் பார்க்கலாம்.

செலவு எவ்வளவு? பணம் எங்கிருந்து?

அரசுக்குக் கட்டும் கட்டணம் பெரிசில்லை. எல்.எல்.ஆர்., டெஸ்ட், லைசென்ஸ் எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சத்தில் அடங்கிவிடும். பெரிய செலவு பயிற்சிப் பள்ளிக் கட்டணம். அது ஊருக்கு ஊர் மாறும். குறைந்தது மூன்று பள்ளியில் விசாரியுங்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பணத்துல என்னென்ன அடங்கும்? எல்.எல்.ஆர்., டெஸ்ட் வண்டி வாடகை, டாக்டர் சான்றிதழ் எல்லாம் உள்ளேயா, வெளியேயா? ஒரு தடவை ஃபெயில் ஆனா மறுபடி எவ்வளவு?" பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

பள்ளிக் கட்டணம் போக, யாரும் கணக்கில் சேர்க்காத செலவும் இருக்கிறது. ஒரு மாசம் பஸ் செலவு, சாப்பாடு, வெளியூர் என்றால் தங்க இடம். அந்த ஒரு மாசம் பையன் கூலிக்குப் போக முடியாது, அந்த வருமானமும் நிற்கும். இதையெல்லாம் கூட்டி எழுதிப் பாருங்கள்.

கடனுக்குப் போகும் முன், இலவசப் பயிற்சி கிடைக்குமா என்று பாருங்கள்:

* தாட்கோ: ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு இளைஞர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி அவ்வப்போது நடத்தியிருக்கிறார்கள். மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் இந்த வருஷம் உண்டா என்று கேளுங்கள்.
* தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்: மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
* ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: மாவட்டத்தில் வங்கி நடத்துவது. தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசம். இலகுரக வாகனம் ஓட்டும் பயிற்சி இங்கே உண்டு. முதல் படிக்கு இது போதும்.
* வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகம்: கிராமப்புற இளைஞர் திறன் பயிற்சி பற்றி அங்கே கேட்டால் சொல்வார்கள். உங்கள் குழு உறுப்பினர் என்ற அடையாளம் இங்கே உதவும்.

இது எதுவும் அமையவில்லை என்றால்தான் கடன். அதிலும் எந்தக் கடன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குக்காக 25,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

குழு உள்கடன், 100-க்கு மாசம் 1 ரூபாய் வட்டி, 20 தவணை: மாசம் 1,250 ரூபாய் அசல். முதல் மாச வட்டி 250 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 20 மாசத்தில் மொத்த வட்டி 2,625 ரூபாய். கடன் முடிந்தது.

வெளி வட்டி, 100-க்கு மாசம் 5 ரூபாய்: மாச வட்டி மட்டுமே 1,250 ரூபாய். 20 மாசத்தில் வட்டியாகவே 25,000 ரூபாய் போயிருக்கும். அசல் 25,000 அப்படியே நிற்கும்.

பார்த்தீர்களா? குழுவில் அசலாகக் கட்டுகிற அதே 1,250 ரூபாயை அங்கே வெறும் வட்டியாகக் கட்டுகிறோம். கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தைவிட முதலில் நம்மைக் காப்பாற்றுவது இந்தக் கணக்குதான். இதைப் பையனையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கடன் யாருடைய பெயரில் இருந்தாலும் அதைக் கட்டப் போகிறவன் அவன்தானே.

குழு எப்படிக் கடன் கொடுக்கலாம்?

ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு எங்கள் யோசனை இது. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கையில் கொடுக்க வேண்டாம். எல்.எல்.ஆர். எடுத்த பிறகு ஒரு பகுதி, பயிற்சி பாதி முடிந்ததும் ஒரு பகுதி, டெஸ்டுக்கு முன் மீதி என்று பிரித்துக் கொடுங்கள். முடிந்தால் பள்ளியின் பெயரிலேயே காசோலை கொடுங்கள். ரசீது நகலைத் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். பயிற்சி நடக்கும் மாசங்களில் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போன பிறகு அசலை ஆரம்பிக்கலாம். இதைக் கூட்டத்தில் எல்லோரும் பேசித் தீர்மானம் போட்டுச் செய்யுங்கள். பிறகு "அவளுக்கு மட்டும் சலுகையா?" என்ற பேச்சு வராது.

ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் வந்த கையோடு "பழைய லாரி ஒண்ணு வாங்கிடலாம்" என்று சிலர் கிளம்புவார்கள். டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., ஃபைனான்ஸ் தவணை எல்லாம் ஓடாத நாளிலும் செலவு வைப்பவை. குறைந்தது இரண்டு, மூன்று வருஷம் சம்பளத்துக்கு ஓட்டித் தொழிலைத் தெரிந்துகொண்ட பிறகு அதை யோசிக்கலாம்.

முதல் முதலாளி ஏன் முக்கியம்?

லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே யாரும் டிரைவர் ஆகிவிடுவதில்லை. லோடு ஏற்றிய வண்டியை மழையில், மலை இறக்கத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டப் பழகுவது முதல் வருஷத்தில்தான். அந்த ஒரு வருஷத்தில் யாரிடம் வேலை பார்க்கிறானோ அந்தப் பழக்கம்தான் கடைசி வரை வரும். சம்பளம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும், சொல்லிக் கொடுக்கிற மூத்த டிரைவரோடு அனுப்புகிற முதலாளியே முதல் வருஷத்துக்கு நல்லவர்.

வேலையின் வகையையும் பாருங்கள்:

உள்ளூர் டிப்பர், தண்ணீர் லாரி: ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். பழகுவதற்கு நல்லது. ஆனால் நடை கணக்கில் கூலி என்றால் வேகமாக ஓட்டச் சொல்வார்கள். அதிக பாரம் ஏற்றுவதும் உண்டு.

ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளி: நேரில் பேசலாம், நல்லது கெட்டதுக்கு உதவுவார். ஆனால் லோடு இல்லாத மாசம் சம்பளம் தள்ளிப் போகலாம்.

பார்சல் சர்வீஸ், பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி: சம்பளத் தேதி ஓரளவு ஒழுங்காக இருக்கும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடைக்க வாய்ப்பு அதிகம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடியும் அதிகம்.

வடமாநில லோடு, போர்வெல் ரிக் வண்டி: படி அதிகம். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. புதுசாகப் பழகியவனுக்கு மொழியும் தெரியாத இடம். முதல் வேலையாக இது வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேஸ், பெட்ரோல் டேங்கர்: நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர் வேலை நிறைய உண்டு. இதற்கு அபாயகரமான பொருள் ஏற்றுவதற்கான தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும். அனுபவம் வந்த பிறகு போகலாம்.

வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையன் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

1. மாசச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கணும். "எல்லாம் சேர்த்து இருபதாயிரம் வரும்" என்பது பதில் இல்லை. படி என்பது ரோட்டில் சாப்பாட்டுக்கே போய்விடும். வீட்டுக்கு வருவது சம்பளம்தான். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா?

2. எந்தத் தேதியில், எப்படிக் கொடுப்பீர்கள்? பேங்க் கணக்கில் போடுவது நல்லது. நாளைக்குப் பிரச்சினை என்றால் அதுதான் சாட்சி.

3. டிரிப் செலவுக் கணக்கை எப்போது முடிப்பீர்கள்? ஒவ்வொரு டிரிப்பும் முடிந்த அன்றே முடித்துவிட வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், பார்க்கிங் எல்லாம் சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். தள்ளிப் போட்டால் "உன் மேல பாக்கி நிக்குது" என்று முடியும்.

4. அபராதம் வந்தால் யார் கட்டுவது? அதிக பாரத்துக்குச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-இல் உயர்த்தினார்கள். பாரம் ஏற்றச் சொல்வது முதலாளி, பிடித்தம் டிரைவர் சம்பளத்தில் என்றால் எப்படி? முன்பே பேசிவிட வேண்டும்.

5. டீசல் கணக்கு எப்படி? மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா? இதில் உயிரே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து என்று பேப்பரில் பார்க்கிறோம். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுவது அங்கே ஒரு முக்கியமான காரணம். கியரில் வந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுக்க பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்றும் ஏறாது. டீசலுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கும் முதலாளி, தெரிந்தோ தெரியாமலோ பையனை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்.

6. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டணும்? 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 8 மணி நேரம் என்ற அடிப்படை அதிலும் இருக்கிறது. நீண்ட தூரத்துக்கு இரண்டாவது டிரைவர் வருவாரா என்று கேளுங்கள்.

7. வண்டிப் பேப்பர் எல்லாம் சரியா? இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், புகைச் சான்று. பேப்பர் இல்லாத வண்டியில் ஏறவே வேண்டாம். டயரையும் பிரேக்கையும் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.

8. இன்சூரன்ஸில் டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறீர்களா? பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று எழுதியிருக்கும். அது வண்டி உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்கு. சம்பள டிரைவருக்கு அல்ல. டிரைவருக்கு எனத் தனி வரி இருக்கிறதா என்று பாலிசியில் பார்க்கணும்.

இதையெல்லாம் கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கான முதலாளி இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்வார். பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் சேராமல் இருப்பதே லாபம். அவரிடம் ஏற்கெனவே வேலை பார்க்கிற டிரைவரிடமும் பேசுங்கள். "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். ஆறு மாசத்துக்கு ஒரு டிரைவர் மாறுகிற வண்டி என்றால் காரணம் இருக்கும்.

முன்பணம்: இனிக்கும், பிறகு கட்டிப் போடும்

"அட்வான்ஸ் முப்பதாயிரம் தர்றேன், நாளைக்கே வண்டி ஏறு" என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? குழுக் கடனைக் கூட அடைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் முன்பணம் வாங்கியவனுக்கு அந்த வண்டியை விட்டு இறங்கும் உரிமை போய்விடுகிறது. சம்பளம் குறைந்தாலும், பிரேக் சரியில்லை என்றாலும், "பணத்தை வச்சுட்டு இறங்கு" என்பார்கள். அதை அடைக்க இன்னொரு முதலாளியிடம் அதைவிடப் பெரிய முன்பணம். இப்படியே வருஷக்கணக்கில் போகும்.

ஒரு உறுப்பினரின் மகனுக்கு இப்படித்தான் நடந்தது. முன்பணத்தோடு ஒரிஜினல் லைசென்ஸையும் முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். காய்ச்சலில் படுத்த பையன் நான்கு நாள் லீவு கேட்டபோது லைசென்ஸ் கிடைக்கவில்லை. கடைசியில் குழுவில் அவசரக் கடன் எடுத்து, அந்தப் பணத்தைக் கட்டித்தான் லைசென்ஸை மீட்டார்கள். இப்போது அவன் வேறொரு வண்டியில் முன்பணம் இல்லாமல் ஓட்டுகிறான். குழுத் தவணை ஒழுங்காக வருகிறது.

இரண்டு விஷயத்தை மனசில் வையுங்கள். ஒன்று, ஒரிஜினல் லைசென்ஸை யாரிடமும் அடகாகக் கொடுக்கக் கூடாது. நகல் கொடுக்கலாம். செல்போனில் டிஜிலாக்கரிலும் லைசென்ஸை வைத்துக்கொள்ளலாம், அது செல்லும். இரண்டு, வாங்கிய கடனுக்காக ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைப்பது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். சம்பளப் பாக்கி என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். தனியாகப் போகத் தயங்கினால் கூட்டமைப்பில் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

வேலைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

நல வாரியப் பதிவு: அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவி உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு செய்யாதவருக்கு இந்த உதவி எதுவும் கிடைக்காது.

பேங்க் காப்பீடு: வருஷம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இரண்டும் சேர்த்து 456 ரூபாய். கணக்கில் பணம் இருக்கிறதா என்று மே மாசக் கடைசியில் பாருங்கள். பணம் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப் போகும்.

போன் எண்கள்: தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ஆம்புலன்ஸ் 108. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இதைப் பையன் தெரிந்து வைத்திருக்கட்டும்.

விபத்து நடந்தால்: வண்டியை விட்டு ஓடிப் போனால் வழக்கு பெரிதாகும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும், போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கூட்டம் அடிக்க வரும் என்ற பயம் இருந்தால் நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்.

உடம்பு: தூக்கமின்மை, முதுகுவலி, நேரம் தவறிய சாப்பாடு, தூக்கத்தை விரட்ட ஹான்ஸ், பான்பராக். இதெல்லாம் இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருகிறவை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். ஆனால் ரோட்டில் ஓடுகிற பழைய வண்டிகளில் வெக்கைதான். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். எய்ட்ஸ் பற்றி வெட்கப்படாமல் வீட்டில் பேசுங்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

போனில் பேசும்போது இன்னொன்று. "எப்ப வந்து சேருவே? சீக்கிரம் வா" என்று அவசரப்படுத்தாதீர்கள். "தூங்கினியா?" என்று கேளுங்கள்.

மகளும் ஓட்டலாம்

இதுவரை பையன், பையன் என்றே எழுதிவிட்டோம். இந்த வேலை ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததா? கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி, கணவர் இறந்த பிறகு லாரி ஓட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். நீண்ட தூர லாரியில் பெண்களுக்குக் கழிப்பறை, பாதுகாப்பான தங்குமிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர் சரக்கு வண்டி, பள்ளி பஸ், பால் வண்டி எல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வேலைகள்தான். லைசென்ஸ் விதி, வயது, பயிற்சி எல்லாம் இருவருக்கும் ஒன்றே. மகள் கேட்டால், மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் யார் வீட்டில் லாரி ஓட்டுகிறார்கள்? அவர்களின் லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும்? (இப்போது இது 5 வருஷத்துக்குத் தருவது. தேதி முடியும் முன்பே புதுப்பிக்க வேண்டும்.)
* எத்தனை பேர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்?
* எத்தனை பேர் முதலாளியிடம் முன்பணப் பாக்கியில் இருக்கிறார்கள்? அதைக் குழுக் கடனாக மாற்றி, வட்டி குறைத்து அடைக்க முடியுமா?
* நம் பகுதியில் எந்தப் பயிற்சிப் பள்ளி ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறது? யார் போய்ப் பார்த்து வருவது?

பேசி முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நல்ல பள்ளிகள், நேர்மையான முதலாளிகள் பற்றி ஒவ்வொரு குழுவும் சொல்வதைச் சேர்த்து வைத்தால், அடுத்து ஹெவி லைசென்ஸுக்குக் கடன் கேட்டு வரும் அம்மாவுக்கு அது உதவும்.